உடனே பேட்ச், வருடத்துக்கு ஒரு பேட்ச், பேட்ச்சே வேண்டாம்: எதைக் கேட்பது?

வாரா வாரம் ஆன்லைனில் சண்டை கேம் ஆடும் குழு ஒன்றில் நான் இருக்கிறேன், இருபது பேர் இருப்போம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ஒரு வாரம், டெக்கன் 8 ஒரு வாரம், ஸ்மாஷ் (சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்) ஒரு வாரம் என்று மாறி மாறிப் போகும். எந்த கேம் என்றாலும் கடைசி மேட்ச் முடிந்ததும் பேச்சு ஒன்றுதான்: இந்த கேரக்டர் ரொம்ப ஓவர், இதை நெர்ஃப் பண்ணியே (பலத்தைக் குறைத்தே) ஆகணும், இன்னும் ஏன் சும்மா இருக்கிறார்கள். போன மாதம் ஒருவர், சரி, புலம்பிக்கொண்டே இருப்பதை விட எல்லோரும் சேர்ந்து ஒரே கருத்தாக டெவலப்பர்களுக்கு எழுதி அனுப்புவோம் என்றார். எழுத உட்கார்ந்தபோதுதான் எங்களுக்குள்ளேயே மூன்று கட்சி இருப்பது தெரிந்தது. பிரச்சினை தெரிந்த உடனே பேட்ச், அதாவது கேமைத் திருத்தும் அப்டேட், வர வேண்டும் என்பவர்கள், வருடத்துக்கு ஒரு பெரிய பேட்ச் போதும் என்பவர்கள், கேமைத் தொடவே வேண்டாம், ஆடுகிறவர்களே விதி போட்டுக்கொள்ளட்டும் என்பவர்கள். நான் இரண்டாவது கட்சி. ஆனால் மற்ற இரண்டிலும் நியாயம் இருக்கிறது, அதையும் வைத்துத்தான் பேச வேண்டும்.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் நான் சாங்கிஃப் ஆடுகிறவன். பெரிய உடம்பு, மெதுவான நடை, கிட்டே போய்ப் பிடித்தால்தான் வேலை நடக்கும். ஜேபி மாதிரி தூரத்தில் நின்றுகொண்டு தரையிலிருந்து முள் முளைக்க வைக்கிற ஆளிடம், கிட்டே போவதற்குள் பாதி உயிர் போய்விடும். கேம் வெளிவந்த 2023-இல் ஓர் இரவு ஜேபி ஆடுகிறவர்களிடம் தொடர்ந்து 11 மேட்ச் தோற்றேன், அந்தக் கோபத்தில் டெவலப்பர்களைத் திட்டி நீளமாக ஒன்று எழுதி அனுப்பினேன், சோம்பேறிகள் என்ற வார்த்தையும் அதில் இருந்தது. அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. ஏனென்றால் என் பிழைப்பே மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பதுதான். கேம் இல்லை, வேறு துறை, ஆனாலும் "ஒரு சின்ன மாற்றம்தானே" என்ற வாக்கியத்துக்குப் பின்னால் எத்தனை பேருடைய சனி ஞாயிறு போகும் என்று தெரிந்தவன் நான்.

அந்தச் சின்ன மாற்றம் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். இந்த கேம்கள் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடுகின்றன. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் பெரும்பாலான கேரக்டர்களின் மிக வேகமான குத்து 4 ஃபிரேமில் போய்ச் சேரும். நீங்கள் அடித்த அடியை எதிராளி தடுத்துவிட்டார், அதனால் நீங்கள் 3 ஃபிரேம் பின்தங்குகிறீர்கள் (அவர் உங்களை விட அவ்வளவு முன்னால் அசையலாம்) என்றால் அவருடைய குத்து வருவதற்குள் நீங்களும் தடுத்துவிடலாம். அதே அடி 4 ஃபிரேம் பின்தங்க வைத்தால் குத்து உறுதியாக விழும், அதிலிருந்து ஒரு காம்போவே (நடுவில் தடுக்க முடியாத தொடர் அடி) கிளம்பும். பேட்ச் குறிப்பில் இது ஒரே வரி, மூன்று நான்காக மாறியது, அவ்வளவுதான். ஆடுகிறவருக்கு அந்த அடியே செத்துப்போன மாதிரி. சோதிக்கிறவருக்கு? 18 கேரக்டர்களோடு வந்த கேமில், ஒரே கேரக்டர் தன்னோடு தானே மோதுவதையும் சேர்த்தால் 171 ஜோடி. டெக்கன் 8 வந்தபோது 32 பேர், 528 ஜோடி. ஸ்மாஷ் அல்டிமேட்டில் கடைசியாக 89 பேர், 4005 ஜோடி. ஒரு கேரக்டரைத் தொட்டால் எல்லா ஜோடியும் மாறாதுதான், ஆனால் அந்த கேரக்டர் வரும் ஒவ்வொரு ஜோடியும் மாறும், எது எப்படி மாறியது என்று யாராவது ஆடிப் பார்த்தாக வேண்டும்.

அதோடு முடிவதில்லை. இணையத்தில் ஆடும்போது இரண்டு பேருடைய மெஷினும் ஒரே கணக்கை ஒரே மாதிரி போட வேண்டும், கொஞ்சம் பிசகினாலும் உங்கள் திரையில் ஒரு சண்டையும் அவர் திரையில் வேறொரு சண்டையும் ஓடும். கன்சோலில் இருப்பவரும் கணினியில் இருப்பவரும் சேர்ந்து ஆடும் கேம் என்றால் எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் பேட்ச் போக வேண்டும், ஒவ்வொரு கன்சோல் நிறுவனமும் அதைப் பார்த்து அனுமதிக்க வேண்டும். காம்போ பயிற்சியில் இருக்கும் பழைய காம்போக்கள் இன்னும் வேலை செய்கின்றனவா என்று பார்க்க வேண்டும், பேட்ச் குறிப்பை எல்லா மொழியிலும் எழுத வேண்டும்.

இதற்கெல்லாம் என்ன செலவாகும் என்று பெரிய நிறுவனங்கள் சொல்வதில்லை. ஆனால் ஸ்கல்கேர்ள்ஸ் செய்த லேப் ஜீரோ 2013-இல் வெளிப்படையாகச் சொன்னது. ஒரே ஒரு புது கேரக்டருக்காக ரசிகர்களிடம் 1,50,000 டாலர் கேட்டு, கணக்கையும் போட்டுக் காட்டினார்கள். அதில் சம்பளம் 48,000. எட்டுப் பேர், பத்து வாரம். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆளுக்கு வாரம் 600 டாலர். சோதனைக்கு 20,000, கன்சோல் அனுமதிக்கு 10,000, ஹிட்பாக்ஸ் (அடி எங்கே படும் என்ற எல்லை) வேலைக்கு 2,000. இவ்வளவா என்று அப்போது கேட்டவர்கள் இருந்தார்கள். நான் அந்தப் பட்டியலைப் பல வருடம் கழித்துத்தான் பார்த்தேன், எனக்குத் தோன்றியது நேர்மாறாக: இவ்வளவு குறைவா?

சரி, இப்போது முதல் கட்சி. உடனடி பேட்ச் கேட்பவர்களுக்குக் கையில் ஒரு வலுவான உதாரணம் இருக்கிறது, டெக்கன் 7-இன் லீராய் ஸ்மித். 2019 டிசம்பரில் டிஎல்சியாக (கேம் வந்த பிறகு தனியாகச் சேர்க்கும் கேரக்டராக) வந்தார். அடுத்த மாதமே ஈவோ ஜப்பான் என்ற பெரிய போட்டி. கடைசி எட்டுப் பேரில் ஆறு பேர் லீராய். வருடக்கணக்காக ஒரு கேரக்டரோடு வாழ்ந்தவர்கள்கூட அதை ஓரமாக வைத்துவிட்டு, வந்து சில வாரமே ஆன ஒருவரைத் தூக்கிக்கொண்டு மேடை ஏற வேண்டியிருந்தது. பார்க்கிறவர்களுக்கும் அலுத்துவிட்டது. இப்படி ஒன்று நடக்கும்போது "ஒரு வருடம் பொறுங்கள்" என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? லீராய்க்கு நெர்ஃப் வரத்தான் செய்தது.

எங்கள் குழுவில் டெக்கன் மட்டுமே ஆடும் அக்கா ஒருவர் இருக்கிறார், அவர் சொன்னது இன்னும் என் மனதில் நிற்கிறது. "எனக்கு வாரத்துக்கு ரெண்டு மணி நேரம்தான் கிடைக்குது தம்பி. அந்த ரெண்டு மணி நேரமும் ஒரே கேரக்டர்கிட்ட அடி வாங்கிட்டு இருக்கணுமா?" இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. புரோ பிளேயர்களைப் பற்றியே பேசிப் பேசி, ஓய்வு நேரத்தில் ஆடுகிற இவரைப் போன்றவர்களை மறந்துவிடுகிறோம்.

ஆனால் உடனடி பேட்ச்சில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு கேரக்டர் உண்மையிலேயே அதிக பலமா, அல்லது நமக்கு இன்னும் பதில் தெரியவில்லையா என்பது முதல் வாரத்தில் யாருக்கும் தெரியாது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 வந்த புதிதில் கீழ் ராங்கில் எல்லோரும் ஈ.ஹோண்டாவைத் திட்டினார்கள், அந்தத் தலைமோதலைத் தடுக்கவே முடியவில்லை என்று. மேல் ராங்கில் அதே ஹோண்டாவைப் பலவீனமான கேரக்டர் என்றார்கள். ஸ்மாஷில் லிட்டில் மேக்குக்கும் இதேதான் நடந்தது. இரண்டு கூட்டமும் பொய் சொல்லவில்லை, அவரவர் ஆடுகிற கேம் அப்படி. இதில் யார் சொல்வதைக் கேட்டு உடனே பேட்ச் போடுவது? கீழே இருப்பவர்களுக்காக வெட்டினால் மேலே இருக்கும் இரண்டு மூன்று ஹோண்டா ஆட்டக்காரர்களுக்கும் கதவை மூடிவிடுவோம். அவசரமாகப் போட்ட பேட்ச் இன்னொன்றை உடைக்கும், அதைச் சரி செய்ய இன்னொரு பேட்ச். ஒவ்வொன்றும் நான் மேலே சொன்ன அத்தனை படியையும் ஏறி இறங்கி வர வேண்டும், அதுவும் அடுத்த டிஎல்சி கேரக்டரின் தேதி தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கும்போது.

அந்தத் தேதிகள் மனிதர்களை என்ன செய்யும் என்பதற்கு இந்தத் துறையிலேயே சாட்சி உண்டு. மோர்டல் காம்பாட் 11 வெளிவந்த 2019-இல், நெதர்ரெல்ம் ஸ்டூடியோவில் முன்பு வேலை செய்த சிலர், மாதக்கணக்கில் நீண்ட க்ரஞ்ச்சைப் (தேதியைப் பிடிக்க ஓய்வில்லாமல் செய்யும் கூடுதல் நேர வேலை) பற்றியும் ஒப்பந்த ஊழியர்கள் நடத்தப்பட்ட விதத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசினார்கள். நாம் கொண்டாடும் ரத்தக் காட்சிகளை ஒவ்வொரு ஃபிரேமாகப் பார்த்துப் பார்த்துச் செய்த ஒருவர், தூக்கம் கெட்டு மன சிகிச்சை வரை போனதும் அந்த வருடம்தான் வெளியே வந்தது. அதைப் படித்த பிறகு "இன்னும் ஏன் பேட்ச் வரவில்லை" என்று எழுத எனக்குக் கை வருவதில்லை.

அப்படியென்றால் மூன்றாவது கட்சி சொல்வதுதான் சரியா? தொடவே வேண்டாம், விட்டுவிடு என்பது? இந்தக் கட்சியின் மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு, ஏனென்றால் இந்த கேம்களின் மிக அழகான கதைகள் இங்கேதான் இருக்கின்றன. 1999-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 தேர்ட் ஸ்ட்ரைக்கில் சுன் லீ எல்லோருக்கும் மேலே, அது எல்லோருக்கும் தெரியும். 2004 ஈவோவில் ஜஸ்டின் வாங்கின் சுன் லீ, உயிர் கடைசி நூலில் நின்ற டைகோவின் கென் மேல் சூப்பர் என்ற பெரிய அடித்தொடரை விட்டது, டைகோ அத்தனை உதையையும் ஒவ்வொன்றாக பேரி செய்து (சரியான நொடியில் தட்டிவிட்டு) திருப்பி அடித்து ஜெயித்தார். அந்தத் தருணத்தின் பெருமையே சுன் லீ அவ்வளவு பலமாக இருந்ததில்தான் இருக்கிறது.

ஸ்மாஷ் மெலீ இன்னும் பெரிய உதாரணம். 2001-இல் வந்த கேம், பேலன்ஸ் பேட்ச் (கேரக்டர்களின் பலத்தைச் சமப்படுத்தும் பேட்ச்) என்ற பேச்சே கிடையாது. ஃபாக்ஸ் உச்சத்தில், யோஷி எங்கோ கீழே. ஆனால் ஆம்சா என்ற ஜப்பானிய ஆட்டக்காரர் யோஷியை விடவில்லை, வருடக்கணக்காகத் தோண்டிக்கொண்டே இருந்தார், 2022-இல் தி பிக் ஹவுஸ் 10 போட்டியை யோஷியை வைத்தே ஜெயித்தார். கேம் வந்து 21 வருடம் கழித்து! மாதத்துக்கு ஒரு பேட்ச் வந்திருந்தால் யாரோ ஒருவர் இரண்டாம் வருடமே யோஷிக்கு ஒரு பஃப் (பலம் கூட்டுவது) கொடுத்திருப்பார், அந்த ஆழத்துக்குப் போக வேண்டிய தேவையே யாருக்கும் வந்திருக்காது. கிணற்றில் தண்ணீர் இல்லை என்று நாம் முடிவு செய்த இடத்துக்குக் கீழே ஊற்று இருந்தது.

இந்த வழியின் விலையையும் சொல்ல வேண்டும். மார்வெல் வர்சஸ் கேப்காம் 2-இல் 56 கேரக்டர், மூன்று பேர் கொண்ட அணி என்றால் 27,720 விதமாக அமைக்கலாம். போட்டிகளில் திரும்பத் திரும்பப் பார்த்ததோ மேக்னீட்டோ, ஸ்டார்ம், சென்டினல், கேபிள் இந்த நால்வரைத்தான். அந்த கேமை உயிராக நேசிப்பவர்கள் இருக்கிறார்கள், நேசிப்பதில் தப்பில்லை, ஆனால் மீதிப் பேரை வரைந்தவர்களின் உழைப்பு எங்கே போனது என்று எனக்குக் கேட்கத் தோன்றும்.

இன்னொன்று, பேட்ச் இல்லை என்றால் டெவலப்பர்களுக்கு ஓய்வு கிடைக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். அது தவறு. பின்னால் சரி செய்ய வழியில்லாத காலத்தில் பாரம் முழுக்க வெளியீட்டுக்கு முன்னால் விழுந்தது. மெலீயின் 13 மாதத் தயாரிப்பில் மாசாஹிரோ சகுராய் விடுமுறையே இல்லாமல் வேலை செய்தார், தன்னை அழித்துக்கொள்ளும் வாழ்க்கை அது என்று பிற்பாடு அவரே சொன்னார். 2012 வாக்கில் அடுத்த ஸ்மாஷ் வேலை நடக்கும்போது அவர் கையில் தசைநாண் பாதிப்பு வந்தது. எனவே பேட்ச்சை ஒழித்தால் க்ரஞ்ச் ஒழியாது, நாட்காட்டியில் வேறு பக்கத்துக்குப் போகும்.

ஆட்டக்காரர்கள் தாங்களே போடும் தடைகளிலும் இரண்டு விதம் உண்டு, இதைப் பிரித்துப் பார்ப்பது முக்கியம். கேரக்டரையே தடை செய்வது ஒன்று. சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போவின் அகூமாவுக்கு நடந்தது, அவர் வேறொரு கேமுக்குச் செய்த ஆள் மாதிரி இருப்பார், யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை. ஆனால் ஸ்மாஷ் பிராலில் மெட்டா நைட்டைத் தடை செய்ய 2011-இல் ஒரு விதிக்குழு முடிவெடுத்தபோது எல்லாப் போட்டிகளும் அதைப் பின்பற்றவில்லை, அந்தச் சமூகம் இரண்டுபட்டது. அல்டிமேட்டின் ஸ்டீவுக்கும் அதே கதை, 2021 டிசம்பரோடு பேலன்ஸ் பேட்ச் நின்றுபோனது, அதன் பிறகு சில போட்டிகள் தடை செய்தன, சில செய்யவில்லை. ஸ்டீவைப் பிடித்து ஆடியவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

இன்னொரு விதம், கேரக்டரை விட்டுவிட்டு ஒரே ஒரு உத்தியை மட்டும் தடை செய்வது. மெலீயில் ஐஸ் க்ளைம்பர்ஸ் ஒருவரைப் பிடித்துவிட்டு முடிவே இல்லாமல் அடித்துக்கொண்டிருக்கும் வாப்ளிங்கைப் பெரும்பாலான போட்டிகள் தடை செய்தன. கேரக்டர் இருக்கிறது, அதை நேசித்தவர்கள் ஆடுகிறார்கள், அந்தக் கொடுமை மட்டும் போய்விட்டது. ஒரு டெவலப்பரும் இரவு கண் விழிக்கவில்லை. எனக்கு இந்த வழி ரொம்பப் பிடிக்கும். ஆனால் நடுவர் இருக்கும் போட்டியில்தான் இது நடக்கும், முகம் தெரியாத ஆளோடு ஆடும் ராங்க் மேட்ச்சில் அந்த அக்காவுக்கு இது உதவாது.

கடைசியாக என் கட்சி. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 பெரும்பாலும் இந்த வழியில்தான் போகிறது. 2023 ஜூனில் கேம் வந்தது, எல்லா கேரக்டரையும் தொட்ட முதல் பெரிய பேலன்ஸ் மாற்றம் 2024 மே மாதம் அகூமாவோடு வந்தது. நடுவில் சின்னச் சின்னத் திருத்தங்கள் மட்டும். ஒரு போட்டி சீசன் முழுவதும் ஏறக்குறைய ஒரே கேம், படித்தது வீணாகாது. அந்த முதல் வருடத்தில் நான் ஜேபியிடம் தோற்றுத் தோற்றுத்தான் முள் முளைக்கும் நேரத்தைக் கண்ணால் பிடிக்கக் கற்றேன், எப்போது குதிக்கலாம், எப்போது டிரைவ் பேரி போடலாம் என்று தெரிந்தது. பேட்ச் வந்தபோது சாங்கிஃபுக்கு நல்லது நடந்தது, சந்தோஷம்தான், ஆனால் அதற்கு முன்பே பத்தில் நான்கு மேட்ச் ஜெயிக்க ஆரம்பித்திருந்தேன். முதல் மாதமே ஜேபியை வெட்டியிருந்தால் அந்த நான்கும் என்னுடையதாக இருந்திருக்காது.

வருடாந்திர பேட்ச் மந்திரம் ஒன்றும் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். டெக்கன் 8-இன் 2025 ஏப்ரல் மாற்றமும் அப்படி ஒரு பெரிய சீசன் மாற்றம்தான். ஏற்கனவே தாக்குபவர் பக்கம் சாய்ந்திருந்த கேமை இன்னும் அதே பக்கம் தள்ளியது, கேரக்டர்களின் பலவீனங்களை அடைத்து ஒருவரைப் போலவே மற்றவரையும் ஆக்கியது என்று ரசிகர்கள் கொதித்தார்கள், ஸ்டீமில் விமர்சனங்கள் படுமோசமாக விழுந்தன. அதே மாதத்தில் அவசரத் திருத்தம் வந்தது. அந்தத் திருத்தத்தைச் செய்தவர்கள் அந்த வாரங்களில் எப்போது வீட்டுக்குப் போனார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். ரசிகர்கள் சொன்ன குறையில் நியாயம் இருந்தது, நானும் அதே குறையைச் சொன்னேன். ஆனால் பெயர் சொல்லித் தனி மனிதர்களைத் திட்டியதில் ஒரு நியாயமும் இல்லை.

அதனால் பெரிய பேட்ச்சை மட்டும் கேட்டால் போதாது. அதில் என்ன மாறப்போகிறது, ஏன் மாற்றுகிறார்கள் என்பது முன்கூட்டியே நமக்குத் தெரிய வேண்டும். கில்டி கியர் ஸ்ட்ரைவுக்காக ஆர்க் சிஸ்டம் ஒர்க்ஸ் டெவலப்பர்ஸ் பேக்யார்ட் என்ற பெயரில் எழுதும் விளக்கங்களைப் படித்திருந்தால் நான் சொல்வது புரியும். ஒரு கேரக்டரை எந்த நோக்கத்தில் மாற்றினோம் என்று அவர்களே சொல்கிறார்கள். அந்த நோக்கம் பிடிக்கவில்லை என்று நாம் சொல்லலாம், அது ஒரு பேச்சுவார்த்தை. எண்ணை மட்டும் பார்த்துவிட்டுச் சோம்பேறி என்று எழுதிய என்னைப் போல யாரும் ஆக வேண்டியதில்லை.

குழுவில் இரண்டு இரவு பேசினோம். கடைசியில் அனுப்பியதில் நான்கே விஷயம்: பெரிய பேலன்ஸ் மாற்றம் வருடத்துக்கு ஒன்று, போட்டி சீசன் முடிந்த பிறகு. மாற்றங்களின் பட்டியலும் காரணமும் நான்கு வாரம் முன்பே. நடுவில் அவசரத் திருத்தம் என்றால் முடிவில்லாத காம்போ, கேம் நின்றுபோகும் பிழை இவற்றுக்கு மட்டும். பெரிய போட்டிக்கு இரண்டு மாதத்துக்குள் புது கேரக்டர் வேண்டாம், அதற்காக டிஎல்சி தள்ளிப்போனால் நாங்கள் காத்திருக்கிறோம். அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதத்தான் அதிக நேரம் ஆனது, காசு கொடுத்து சீசன் பாஸ் வாங்கியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், எல்லோரும் ஒத்துக்கொள்ளும் வரை விடவில்லை.

அக்கா மட்டும் கையெழுத்துப் போடவில்லை. அவருடைய இரண்டு மணி நேரத்துக்கு அதில் ஒன்றும் இல்லை என்றார், உண்மைதான். அதனால் எங்கள் வார ஆட்டத்துக்கு மட்டும் ஒரு விதி சேர்த்தோம்: யாராக இருந்தாலும் ஓர் இரவுக்கு ஒரு கேரக்டரைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லலாம், காரணம் கேட்கக் கூடாது. முதல் வாரம் அவர் என்னிடம் சாங்கிஃபை எடுக்காதே என்றார். நான் அன்றைக்கு முழுக்க ஜேபி ஆடினேன்.